கீவிலிருந்து வரவேண்டிய பேர்

4 ஏப்ரல் 1986, வெள்ளி

காலை ஏழு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். பிள்ளைக்கு இன்று பதினாறாம் நாள். வீடு கழுவியாயிற்று. தூளி கட்டியாயிற்று. பாயாசம் இறக்கியாயிற்று. பேர் மட்டும் வைக்கவில்லை.

நாத்தனார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் வெள்ளி அரைஞாண், ஒரு தூக்குவாளி பால்கோவா. வாயில் தயாராக ஒரு பேர்: கோமதி. இறந்துபோன என் மாமியார் பேர். அத்தைதான் பிள்ளை காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும், முறை அது. மடியில் வாங்கி, காதருகே குனிந்த நேரத்தில் இவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"அக்கா, செத்த பொறு. இதுக்குப் பேரு வைக்க கீவ்ல இருந்து ஆள் வருது."

"எங்க இருந்துலே?"

"கீவ். சோவியத் நாடு. பெரிய நடிகை. அடுத்த மாசம் நாலாந்தேதி நம்ம ராஜபாளையத்துக்கு வாராக. மேடையில வச்சு அவியதான் பேர் வைக்கணும்னு தீர்மானமே போட்டாச்சு."

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தீர்மானம் எனக்கும் இப்போதுதான் தெரியும். இவர் மில்லில் ஃபிட்டர். மற்ற நேரமெல்லாம் இந்திய சோவியத் நட்புறவுக் கழகத்தின் ஊர்ச் செயலாளர். (இனி ந.க. முழுதும் எழுதினால் கை வலிக்கிறது.)

நாத்தனார் அழுதுவிட்டார். அழத்தான் செய்வார். அம்மா இல்லாத எனக்குப் பிரசவம் பார்த்ததே அவர்தான். எட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை. "வெள்ளக்காரி வந்து பேரு வைக்கணுமாக்கும். நான் என்ன செத்தா போனேன்?" பால்கோவாவைத் திறக்கவே விடவில்லை.

மத்தியானம் இவர் மீட்டிங். நாத்தனார் கோபத்தோடேயே தூங்கிவிட்டார்.

ஒரு விஷயம். இந்த வீட்டில் ஒருத்தரும் என்னிடம், "சரசு, நீ என்ன பேர் நினைச்சிருக்க?" என்று கேட்கவில்லை. நான் நினைத்திருக்கிறேன். யாரும் பார்க்காதபோது பிள்ளையின் வலது காதில் மூன்று தடவை சொல்லிவிட்டேன். இங்கே எழுதமாட்டேன். இவர் இந்த டைரியை எடுத்து அப்பப்போ மீட்டிங் தேதி குறிக்கிறார்.

9 ஏப்ரல், புதன்

மெட்ராஸிலிருந்து ந.க.வுக்குக் கவர். நடிகையின் வாழ்க்கைக் குறிப்பு, இங்கிலீஷில், ஒரே பக்கம். கூட ஒரு வழவழ பத்திரிகை, அதில் படம். வரவேற்புரைக்கு இதைத் தமிழில் விரித்து எழுதி மேடையில் வாசிக்கப்போவது நான்தானாம். இதற்கும் தீர்மானமோ என்னவோ.

"கையெழுத்து உன்னது நல்லா இருக்கும்லா," என்றார்.

"கையெழுத்தையா வாசிக்கப் போறேன்?"

பேர் ஹலீனா. வயது அறுபதை நெருங்குகிறது. முகம் அகலம், தலையில் முக்காடு. படத்தில் இருப்பது வாத்து மேய்க்கும் கிழவி வேஷமா, அவரேயா, தெரியவில்லை.

குறிப்பிலிருந்து இதுவரை புரிந்தது:
சர்க்கரை எடுக்கிற கிழங்கு விளையும் கிராமத்தில் பிறப்பு. பீட்ரூட் ஜாதி, ஆனால் வெள்ளை.
அப்பா ஊர்ப் பஞ்சாயத்துக் காரியதரிசி. அம்மா சர்க்கரை ஆலையில்.
யுத்தத்தில் அப்பா போய்விட்டார்.
பதினாறு வயதில் லாரி மேல் நாடகம், பட்டாளத்துக்காரர்களுக்கு.

இவர் 'ரஷ்ய நடிகை' என்றே எழுதச் சொல்கிறார். குறிப்பில் உக்ரைன் என்று இருக்கிறது. கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான்." ராஜபாளையத்துக்காரரை ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்னால் சும்மா இருப்பாரா?

17 ஏப்ரல், வியாழன்

புழுக்கம். பிள்ளைக்கு வேர்க்குரு. பேண்டேஜ் கம்பெனியில் என்னோடு பேக்கிங் பார்க்கும் பெண்கள் வந்து ஒரு பொட்டலம் கழிவு பேண்டேஜ் துணி கொடுத்துப் போனார்கள். இடுப்புத் துணிக்கு அதைவிட வேறு வேண்டாம்.

ஹலீனா அம்மாவின் சங்கதி சிரிப்பாக இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் கீவில் பெரிய நாடகக் குழுவில் சேர்கிறார். கிழவி வேஷம் போடும் அம்மாளுக்கு உடம்பு சரியில்லை. ஒரு நாளைக்கு ஹலீனாவைக் கிழவியாக மேடையேற்றுகிறார்கள். அதோடு சரி. அடுத்த முப்பது வருஷம் கிழவி, கிழவி, கிழவி. முதல் சினிமாவில் மகனாக நடித்தவருக்கு இவரைவிட நாலு வயது கூட!

எனக்கு உடனே எங்கள் பெண்கள் பள்ளிக்கூடம் ஞாபகம். ஆண்டுவிழா நாடகம். வளர்த்தி அதிகம், குரல் தடிமன் என்று எனக்கு மட்டும் எப்போதும் கிழவன் வேஷம். பஞ்சு மீசை. ஒன்பதாம் வகுப்பில் காணாமல்போன மகளைத் தேடும் அப்பா. மொத்த வசனமும் மகளைப் பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவதுதான். ஒரு மாதம் ஒத்திகை. மைக் கிடையாது, கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று டீச்சர் உத்தரவு. கேட்டது. ரோட்டுக்கே கேட்டது. வாட்ச்மேன் ஓடிவந்தார்.

மேடையில் அந்த மகளாக நடித்த பெண் அழகி. எனக்கு அவள்மேல் பொறாமை. அவளுக்கு வைத்திருந்த பேர்மேல் ஆசை.

போதும். இதற்குமேல் எழுதினால் உளறிவிடுவேன்.

30 ஏப்ரல், புதன்

பேப்பரைப் பார்த்துவிட்டு இவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். கீவுக்குப் பக்கத்தில் அணு உலை வெடித்துவிட்டதாம். எம்புட்டுப் பேர் செத்தார்கள் என்று தெரியவில்லை. ரேடியோவில் ஒரு வரிக்கு மேல் இல்லை.

சாயங்காலம் தந்தி: நாலாந்தேதி நிகழ்ச்சி இல்லை.

நாத்தனாருக்குச் சேதி போனதும் கிளம்பி வந்துவிட்டார், தூக்குவாளியோடு. "அவ வரலைல்லா? எடு பிள்ளைய." இவர், "மனுசி உசிரோட இருக்காகளான்னே தெரியல, நீ பேருக்கு நிக்க," என்று கத்த, அவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக என்னிடம், "பாவம், அவளுக்குப் பிள்ளகுட்டி இருக்காட்டி?" என்றார். குறிப்பில் இல்லை மதினி என்றேன்.

பேர் தள்ளிப்போனதில் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷப்பட்டதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டும் எழுதிவைக்கிறேன்.

15 ஜூன், ஞாயிறு

சாரல் காற்று. மலை முழுக்க மேகம். தகவல் ஒன்றும் இல்லை.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. நேற்று தடுப்பூசி. அட்டையில் பேர் எழுதும் இடத்தில் நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பேரு?"

"இன்னும் வைக்கல."

"ஏன், என்ன தடங்கல்?"

இவர் முந்திக்கொண்டு, "விசா," என்றார்.

இப்போதைக்குப் பிள்ளையைக் கூப்பிடும் பேர்கள்:
நாத்தனார்: கோமதி. (இவர் இல்லாதபோது சத்தமாக, இருந்தால் முணுமுணுப்பு.)
பக்கத்து வீட்டு ராஜு வீட்டு அக்கா: புஜ்ஜி. தெலுங்கில் எல்லாப் பிள்ளையும் புஜ்ஜிதான், சண்டை இல்லை.
இவர்: பாப்பா. மீட்டிங் முடிந்து வந்தால், தோழர்.
தடுப்பூசி அட்டை: சரஸ்வதி பெண் குழந்தை.
நான்: சொல்லமாட்டேன். ஆனால் கூப்பிட்டால் சிரிக்கிறாள். மற்றப் பேருக்கெல்லாம் கொட்டாவி.

8 ஜூலை, செவ்வாய்

மெட்ராஸ் ந.க.விலிருந்து கடிதம். ஹலீனா அம்மா நலம். உலைப் பக்கத்து ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜனங்கள் கூடாரங்களில் இருக்கிறார்களாம். நாடகக் குழுவோடு அங்கே போய்த் தினம் நடிக்கிறார். வேஷம் வழக்கம்போல் கிழவி. நிஜக் கிழவிகள் முன்வரிசையில் உட்கார்ந்து, அப்படி இல்லை, இப்படிக் குனி என்று திருத்துகிறார்களாம்.

படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுகை வந்துவிட்டது. உரையில் இதைச் சேர்த்தாயிற்று.

இந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போயிற்று, அதுதான் தொல்லை. முன்பு ஒரு ஹலீனா வந்து ஒரு பேரை வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும், வீட்டில் நம் பேரைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இப்போது அவர் வைத்தால் அதை மீற எனக்கு மனசு வராது. என் பேர் போய்விடும்.

20 ஆகஸ்ட், புதன்

கம்பெனிக்குத் திரும்பி ஒரு மாதம். பிள்ளை பகலில் ராஜு வீட்டு அக்காவிடம்.

ஆகஸ்ட் கடைசிக்கு என்று இருந்த வருகை மறுபடி தள்ளிவைப்பு. பதிலுக்கு ஒரு மல்யுத்த வீரரை அனுப்பட்டுமா என்று மெட்ராஸிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இவர் ஒரு நாள் முழுக்க யோசித்தார்.

"மல்யுத்தக்காரர் வச்சா என்ன பேரு வைப்பாரு?"

"அவருக்குத் தெரிஞ்ச பேரா வைப்பாரு. பயில்வான்னு," என்றேன்.

வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டார்.

பிள்ளை குப்புற விழுந்து தவழப் பார்க்கிறாள். பேர் இல்லாமலே எல்லாம் நடக்கிறது.

12 அக்டோபர், ஞாயிறு

தேதி முடிவாகிவிட்டது. நவம்பர் பதினாறு. மில் மனமகிழ் மன்றத்தில் சாயங்காலம் நாலரைக்கு. அதற்கு முந்தின வாரம் அவர் நடித்த படம் காட்டப்படும்.

நோட்டீஸ் அடித்து வந்தது, சிவப்புத் தாள். 'உலகப் புகழ் ரஷ்ய நடிகை தமது பொற்கரங்களால் தோழர் தங்கவேல் குழந்தைக்குப் பெயர் சூட்டுவார்.' குழந்தை தோழர் தங்கவேலுக்கு மட்டும் பிறந்திருக்கிறது. ரஷ்யா என்ற இடத்தில் பேனாவால் உக்ரைன் என்று திருத்த ஆரம்பித்தேன். ஐந்நூறு நோட்டீஸ். நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இவருக்குத் தூக்கமே இல்லை. அந்த அம்மா வாயிலிருந்து என்ன பேர் வரும் என்றே பேச்சு. "நம்ம பிள்ள பேரச் சொன்னா, இது யாரு வச்சதுன்னு ஊரே கேக்கணும் சரசு. நான் படிக்கல, வெளியூர் பாக்கல. அதுக்காவது அந்தப் பெரும இருக்கட்டும்." சொல்லும்போது இவர் முகத்தைப் பார்த்தேன். ஏசலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

நாத்தனார் வேறு திட்டத்தில் இருக்கிறார். "அந்தம்மாவுக்குத் தமிழா தெரியும்? கூட ஒரு மொழிபெயர்ப்பு ஆள் வருவான்லா. அவனப் புடிச்சா போதும். அவ என்னத்தச் சொன்னாலும் அவன் கோமதின்னு சொல்லிட்டுப் போறான்." பால்கோவா யாருக்கு என்று இப்போது தெரிகிறது.

9 நவம்பர், ஞாயிறு

படம் பார்த்தோம். கறுப்பு வெள்ளை. தமிழ் கிடையாது என்பதால் இவர் மைக்கில் விளக்கம். பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போன பசுவை ஒரு கிழவி ஊர் ஊராகத் தேடிப்போகிறாள். கதை அம்புட்டுதான். கிழவி ஒரு அதிகாரியின் சட்டையைப் பிடித்து உலுக்கி ஏதோ கத்துகிறாள்.

இவர்: "தோழர்களே, உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்கிறார்."

பின்னாலிருந்து ராஜு வீட்டு அக்கா: "எங்க சொல்லுச்சு? மாட்டக் குடுடாங்குது."

கூட்டம் அக்கா பக்கம். அதற்குமேல் இவர் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. கிழவி கடைசியில் பசுவைக் கண்டுபிடிக்கிறாள். ஆனால் அது வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. கூப்பிட வாயைத் திறந்தவள் கூப்பிடாமல் திரும்பிவிடுகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் நாத்தனார் மூக்கைச் சிந்தி என் முந்தானையில் துடைத்தார்.

இம்புட்டுத் தெரிந்த பொம்பளை என்ன பேர் வைப்பாளோ.

15 நவம்பர், சனி

விடாத மழை. அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் புரள்கிறதாம்.

நாளை மதியச் சாப்பாடு நம் வீட்டில். இது தீர்மானம் இல்லை, இவர் வாய்தவறிச் சொல்லிவிட்டது. வேலைகள்: அரிசி புடைக்க. ராஜு வீட்டில் நாற்காலி இரண்டு கேட்க. கட்டில் அடியில் கிடப்பதையெல்லாம் நாத்தனார் பார்க்காத இடத்துக்கு மாற்ற. வாழை இலை. பீட்ரூட். பிறந்த ஊர்க் கிழங்கு, பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று என் யோசனை. பொரியல், பச்சடி, ரசம் மூன்றிலும்.

உரையை வாசித்துப் பார்த்தேன். ஆறு நிமிஷம்.

17 நவம்பர், திங்கள்

நேற்று எழுத நேரமில்லை. கம்பெனிக்கு லீவு. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஹலீனா அம்மா பகல் பன்னிரண்டுக்குக் காரில் வந்து இறங்கினார். பூப்போட்ட கவுன், கழுத்தில் சிவப்புப் பாசிமணி, நல்ல கனம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். கூட மொழிபெயர்ப்பாளர், மெட்ராஸ்காரர், ஒல்லி, வயிறு சரியில்லை என்று வந்ததும் சொல்லிவிட்டார். நாத்தனார் அவருக்கே ஒரு பெரிய கிண்ணம் பால்கோவா வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இலையில் பீட்ரூட்டைப் பார்த்து அந்த அம்மா மூன்று வகையையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர், "அம்மையார் சொல்கிறார்கள்: இதிலிருந்து தப்பிக்கத்தான் நான் நாடகத்தில் சேர்ந்தேன்." ஆனால் ரசத்தை மூன்று தடவை வாங்கிக்கொண்டார்.

பிள்ளை அவர் மடியில் ஏறி உட்கார்ந்து பாசிமணியை வாயில் வைத்தது, வைத்ததுதான்.

நாலரைக்கு மன்றம் நிறைந்துவிட்டது. மழை என்று யாரும் நிற்கவில்லை. நோட்டீஸைப் பார்த்து இன்னும் நாலு பேர் கைப்பிள்ளையோடு. ஒருத்தர் கூட்டி வந்த பையனுக்கு ஐந்து வயது, ஏற்கனவே பேர் உண்டு, பிடிக்கவில்லையாம்.

இவர் வரவேற்றார். "ரஷ்ய நடிகை" என்றார். மொழிபெயர்ப்பாளர் காதில் சொன்னதும் அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "உக்ராயினா," என்று தம் நாட்டுப் பேரைச் சொன்னார், கணீரென்று. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு நான். கிழங்கு ஊர், லாரி மேல் நாடகம், இருபத்திரண்டு வயதில் கிழவி, நாலு வயது மூத்த மகன். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் சிரிக்க, மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அவரும் சிரித்தார். கூடாரத்துக் கிழவிகள் வந்ததும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடித்துவிட்டு வணங்கினேன். எழுந்துவந்து என் தலையைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம். ஐயோ, மொத்த மில்லும் பார்க்கிறது.

மைக்கைப் பிடித்து ஒரு திருத்தம் சொன்னார். முன்பு கிழவி வேஷம் போட்டவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதெல்லாம் குறிப்பு எழுதினவர்கள் இட்டுக்கட்டியது. இளவரசி வேஷத்துக்கு ஒன்பது பேர் வரிசை, கிழவி வேஷத்துக்கு ஆளே இல்லை. தானே முகத்தில் கோடு வரைந்துகொண்டு போய், இதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாராம். "மேடை வேண்டியிருந்தது. அழகு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு மறந்துவிட்டது." கைதட்டு அடங்கவே இல்லை.

அப்புறம் அந்த நேரம். இவர் பிள்ளையை வாங்கி அவர் கையில் கொடுத்தார். வெற்றிலைத் தட்டில் சர்க்கரை. நாத்தனார் மேடைக்குக் கீழே நின்று மொழிபெயர்ப்பாளருக்குக் கண்ணைக் காட்டுகிறார். பதினாறாம் நாளிலிருந்து சொல்லிவரும் பேர், இன்னும் ஒரு நிமிஷம்தான்.

இவர் மைக்கில், "இந்தக் குழந்தை தங்களுக்காக எட்டு மாதம் பேர் இல்லாமல் காத்திருக்கிறது," என்றார்.

அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு நீளமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னது:

"என் அப்பாவும் இதே காரியம்தான் செய்தார். நான் பிறந்தபோது மாவட்டத்துப் பெரிய மனிதர் வந்து பேர் வைக்க வேண்டும் என்று காத்திருந்தார். ஏழு மாதம். அவர் வந்த அன்று எங்கள் ஊரில் முதல் விளக்கு எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவர் எனக்கு வைத்த பேர் எலெக்ட்ரிஃபிகாத்சியா. உங்கள் மொழியில், மின்மயமாக்கம்."

இந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது.

சத்தியமாக. மைக் செத்தது, காற்றாடி நின்றது. பிறகு மன்றமே இடிந்துவிழுகிற மாதிரிச் சிரிப்பு. அந்த அம்மாவுக்குக் காரணம் சொன்னதும் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மழை வெளிச்சம்தான், ஆள் தெரியும். மைக் இல்லாததால் மொழிபெயர்ப்பாளர் சொல்வது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. முன்வரிசை திரும்பிப் பின்வரிசைக்குச் சொல்ல, அது அடுத்த வரிசைக்கு.

"பள்ளிக்கூடத்துல அவியள பல்புன்னு கூப்பிட்டாகளாம்."

"என்னது?"

"பல்புவே, பல்பு!"

"ஆனா அவுக அம்மா மட்டும் ரகசியமா ஹலீனான்னு கூப்பிட்டாகளாம். மாட்டுக்கொட்டகையில வச்சு."

"நாடகத்துல சேரயில அந்தப் பேரத்தான் எழுதிக் குடுத்தாகளாம்."

மொழிபெயர்ப்பாளர் அவர் பக்கம் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "நான் இந்தக் குழந்தைக்குப் பேர் வைக்கமாட்டேன் என்கிறார்கள். இதன் அம்மா வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்கிறார்கள்."

இவருக்கு வேர்த்துவிட்டது. "வீட்ல... சும்மா பாப்பான்னுதான்."

"கோமதி!" கீழேயிருந்து நாத்தனார். "ஏ கோமதி, இங்க பாரு, அத்த!" பிள்ளை பாசிமணியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"புஜ்ஜி! புஜ்ஜி!" ராஜு வீட்டு அக்கா. ம்ஹூம்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். நான் மேடையின் அந்த ஓரத்தில். நடுவில் இவர், தலைவர், பொருளாளர், நாலு நாற்காலி. தொண்டையைச் செருமினேன். ஒன்பதாம் வகுப்புப் பஞ்சு மீசைக் கிழவன் எங்கிருந்து வந்தானோ, வந்துவிட்டான்.

"அமுதா!"

பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"ஏ அமுதா! அமுதா!"

பிள்ளை பாசிமணியை விட்டது. பொறுமையாகக் கழுத்தைத் திருப்பி, எல்லாரையும் தாண்டி என்னைப் பார்த்து, இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துக் கையை நீட்டியது.

கடைசி வரிசையில் யாரோ, "பிள்ளைக்கு ஏற்கனவே பேரு தெரிஞ்சிருக்குவே!" என்று கத்தினான். கைதட்டு. அந்த அம்மா தட்டிலிருந்து சர்க்கரையை எடுத்துப் பிள்ளை வாயில் வைக்கவில்லை. என் வாயில் வைத்தார்.

நாத்தனார் மேடைப் படியில் ஏறிவந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏட்டி, இம்புட்டு நாளாவா?"

"மன்னிச்சிருங்க மதினி."

"கள்ளி," என்றார். பிள்ளையை வாங்கிக்கொண்டார். "அமுதா," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பொறவு, "கோமதிய அடுத்ததுக்கு வச்சுக்கிடலாம்."

இவர் சொல்ல வேண்டிய நன்றியுரையைப் பொருளாளர் சொன்னார். ஐந்து வயதுப் பையனுக்குப் பேர் மாறவில்லை.

கார் கிளம்பும்போது அந்த அம்மா கழுத்துப் பாசிமணியைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டார். கரண்ட் அப்போதும் வரவில்லை.

19 நவம்பர், புதன்

மழை விட்டது. துணி காய்கிறது. மன்றத்து வாடகை நாற்காலி இரண்டு குறைகிறதாம், நம் வீட்டில் இல்லை.

மூன்று நாளாக இவர் பேச்சு, "சோறு", "சட்டை", "பூட்டிக்கோ" அவ்வளவுதான். இன்று காலை தானாக, "வா, பேரு பதிஞ்சிட்டு வருவோம்," என்றார். நகராட்சி ஆபீஸ். வராந்தாவில் வரிசை. பிள்ளை இவர் தோளில், பாசிமணி இவர் காதில் இடிக்க.

"என்னைக்கு வச்ச?"

"எத?"

"பேரத்தான்."

"பதினாறாம் நாளு."

"அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?"

"மீட்டிங்ல."

வரிசை இரண்டு ஆள் நகர்ந்தது. இவர் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டார். "என்ட்ட சொல்லியிருக்கலாம்ல சரசு," என்றார். "நீங்க கேட்டிருக்கலாம்," என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தது, அழுகையாக வந்துவிட்டது. இவர் தோள் துண்டை எடுத்து நீட்டினார். அதில் பிள்ளை கக்கியிருந்தது.

பதிவுப் பாரம் கொடுத்தார்கள். இவர் பேனாவைத் திறந்து, தகப்பன் பேர் எழுதி, விலாசம் எழுதி, பிள்ளை பேர் வருமிடத்தில் நிறுத்தி என்னிடம் தந்துவிட்டார். எழுதினேன். அமுதா.

வாங்கி வாசித்தார். பாரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"சார், பேரு வச்சது யாருன்னு எழுத எடம் எங்க இருக்கு?"

"அப்படி ஒரு கட்டமே கிடையாதே," என்றார் குமாஸ்தா.

"இருக்கணும்," என்றார் இவர்.

குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இவர் நகரவில்லை. ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் சின்னதாக எழுதிக்கொண்டிருந்தார்: பெயரிட்டவர், தாய், சரஸ்வதி.